நிமிடத்துக்கு நான்கு

வீட்டில் இருந்தது இரண்டு பேர். திரையில் தெரிந்தது மூன்று மேடு.

ஜாய்ஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூன்றுதான். இடது பக்கம் ஹாலில் இருந்த பெட்டி காட்டுவது: ஒரு மேடு, அதன் கீழே பதினாறு என்ற எண். அது அவள். வலது பக்கம் படுக்கை அறையில் இருந்த பெட்டி காட்டுவது: ஒரு மேடு, அதன் கீழே இருபத்தாறு. அது அனு, அவளுடைய ஐந்து வயது மகள், முந்தின நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சலில் படுத்திருக்கிறாள். அந்த இருபத்தாறுக்குப் பக்கத்தில் இன்னொரு மேடு அகலமாகத் தாழ்ந்து கிடந்தது. அதன் கீழே நான்கு என்று இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவது வழக்கம்தான். கீழ்வீட்டில் எட்டு விசைத்தறிகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன, தெருவில் இருந்த மற்றத் தறிகளும் ஓய்ந்தன. சங்கரன்கோவிலில் இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் இருப்பதே நினைவில் இருக்காது. அது நின்ற பிறகுதான் சமையலறைக் குழாய் சொட்டுவதும், சுவரில் பல்லி நகர்வதும், பக்கத்து வீட்டில் ஒருவர் செருமுவதும் காதில் விழும். கீழிருந்து பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனை மட்டும் எப்போதும்போல மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத நாளுக்காக ஆசையாகக் காத்திருந்த ஒரே ஆள் அந்தத் தெருவிலேயே ஜாய்ஸாகத்தான் இருக்கும்.

அவள் பார்க்கிற வேலை அப்படி. அதை மாமியாருக்குப் புரியவைக்க ஒரு வருஷம் பாடுபட்டிருக்கிறாள். காற்றை அளக்கிற கருவிக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன் அத்தை என்று சொன்னால், "காத்தை எதுக்குட்டி அளக்கணும், அது என்ன ஜாக்கெட் துணியா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய புரோகிராம் அது. வயலில் நட்ட கம்பத்தில் கருவியை மாட்டி, மேலே இருக்கிற காற்றை நொடிக்குப் பத்து முறை அளந்து, பயிர் எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது, எவ்வளவு வெளியே விடுகிறது என்று சொல்லும். ஏ.சி. அறையில் வைத்த பெரிய கம்ப்யூட்டரில்தான் இத்தனை நாளும் ஓடியது. அதைப் பேட்டரியில் இயங்கும் சோப்பு டப்பா அளவுக் கம்ப்யூட்டர் பெட்டியில் ஓடவைத்துவிட்டால் குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பத்து இடத்தில் மலிவாக நட்டுவிடலாம் என்று சென்னையில் அவளுடைய நிறுவனம் ஆசைப்பட்டது. ஐந்து மாதமாக அதைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை செய்து காட்ட வேண்டும்.

பரிசோதனைக்கு அவளாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, காற்று அசையாமல் செய்துவிட்டால், அறையில் இருக்கிறவரின் மூச்சு காற்றில் ஒரு தாளமாக ஏறி இறங்கும். புரோகிராம் அதைப் பிரித்தெடுத்து ஆளுக்கு ஒரு மேடாகக் காட்டும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கீழே எண் போடும். ஆளைச் சரியாக எண்ணினால் பயிரையும் சரியாக அளக்கும். தறி அதிர்வும் ஃபேன் காற்றும் இல்லாத இந்த ஒரு நாளை விட்டால் திங்கட்கிழமைக்குள் வேறு நாள் கிடைக்காது.

நிமிடத்துக்கு நான்கு மூச்சு எந்த மனுஷனும் விடுவதில்லை.

எழுந்து போய்ப் படுக்கை அறைக் கதவைத் திறந்தாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே மங்கலாக இருந்தது, தைலமும் வியர்வையும் கலந்து மணத்தது. அனு சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுத் தூங்கினாள். பெட்டி அலமாரி மேல் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. ஜாய்ஸ் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு பொம்மையும் கணவன் ஜோஷ்வாவின் பழைய செருப்பும் கிடந்தன. பீரோவின் பக்கவாட்டில் பார்த்தாள். தன்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

போனைத் திறந்து அங்கேயே மேடுகளைப் பார்த்தாள். இப்போது இந்த அறையில் மூன்று: பதினாறு, இருபத்தாறு, நான்கு. மூச்சை அடக்கினாள். மனதுக்குள் நாற்பது வரை எண்ணினாள். பதினாறு தேய்ந்து மறைந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. மூச்சை விட்டதும் பதினாறு மெல்ல முளைத்தது. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஹாலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, தான் வெட்டியெறிந்த பகுதி ஞாபகம் வந்தது.

பழைய புரோகிராமில் ஒரு துண்டு இருந்தது. நிமிடத்துக்கு நான்கு என்ற வேகத்தில் ஏதாவது வந்தால் அதைத் துடைத்துவிட்டு மேலே போகும், அவ்வளவுதான் அதன் வேலை. அதன் தலைப்பில் அந்த விஞ்ஞானி ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். தேதி, இடம், பக்கத்தில் ஒரு குறிப்பு. கோதுமை வயல், கம்பத்தருகே யாரோ நிற்கிறார்கள். பனிக்காடு, கம்பத்தருகே யாரோ நிற்கிறார்கள். ஆளில்லாத தீவு, கம்பத்தருகே யாரோ நிற்கிறார்கள். இப்படி எழுபது வரிக்கு மேல். கடைசி வரி மட்டும் வேறாக இருந்தது: இனி நான் பார்ப்பதாக இல்லை, தானாகவே நீங்கிவிடட்டும். ஆடு மேய்க்கிறவன் எல்லா ஊரிலும்தான் இருப்பான், அதற்கு இத்தனை வரியா என்று சிரித்துக்கொண்டே ஜாய்ஸ் அந்தத் துண்டை எடுத்துவிட்டாள். சின்னக் கம்ப்யூட்டரில் இடம் பத்தவில்லை. வீடு மாற்றும்போது பழைய சாமானைக் கழித்துப் போடுகிற மாதிரிதான் அதைச் செய்தாள்.

ஷாஜித்துக்குப் போன் போட்டாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவன், மூன்றாவது பெட்டியோடு குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணற்று மோட்டார் ரூமில் இருந்தான்.

"கதவச் சாத்திட்டுத்தான் பாக்குதியா தம்பி?"

"ஆமாக்கா. வெந்து சாவுதேன் உள்ள."

"எத்தனை மேடு காட்டுது?"

"நான் பதினெட்டு. அதுபோக நாலுன்னு ஒண்ணு காட்டுது, சப்பையா. இங்கன ஆளும் இல்ல, ஆடும் இல்ல. என்னன்னு தெரியல. நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன்."

ஜாய்ஸுக்கு உடம்பெல்லாம் லேசானது. இரண்டு ஊரில் ஒரே மாதிரி வருகிறதென்றால் தப்பு புரோகிராமில்தான் இருக்கிறது. தான் செய்த தப்புக்காக அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. "அப்ப நம்ம கணக்குலதான் கோளாறு. நான் சரி பண்ணுதேன். நீ வெளிய வந்து டீ குடி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பதினோரு மணிக்குக் கீழ்வீட்டுச் செண்பகவல்லி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு மாடிப்படி ஏறி வந்தார். வீட்டுக்காரர்தான், ஆனால் வாடகை கேட்க மட்டும் வருகிற ரகம் இல்லை. அவர் ஹாலுக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் இடது பக்கத் திரையில் இன்னொரு மேடு எழுந்தது, இருபது. படியேறி வந்த மூச்சு. ஜாய்ஸ் சட்டியை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கஞ்சியை வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"புள்ளைக்குத் தேவலை போல" என்றார் செண்பகவல்லி. "எந்திச்சு நிக்காளே."

"எங்கக்கா? தூங்குதா அவ."

"இந்தா, இப்பத்தான் கதவ லேசாத் திறந்து என்னையப் பாத்தா. சிரிச்சேன். சாத்திக்கிட்டா. கோவமா என்னன்னு தெரியல, மொறைச்சுக்கிட்டே நின்னா."

ஜாய்ஸ் போய்க் கதவைத் திறந்தாள். அனு சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வை தலைவரை மூடி, முன்பு கிடந்த மாதிரியே கிடந்தாள்.

"குறும்பு. கண்ண மூடிக்கிட்டு நடிக்கா பாரு" என்று செண்பகவல்லி சிரித்தார். சிவகிரியில் ஒரு வளைகாப்புக்குப் போகிறேன், தறிக்கும் லீவு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன் என்றார். இருங்க அக்கா என்று ஜாய்ஸுக்கு வாய் வரை வந்தது. ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டாள். கீழே பூட்டு விழுகிற சத்தமும், தெருவில் செருப்புச் சத்தம் தேய்ந்து போவதும் நன்றாகக் கேட்டது.

திரையில் இருபது மறைந்தது. வலது பக்கத்து நான்கு காலையில் இருந்ததைவிட உயரமாகியிருந்தது.

கோளாறுதான் என்று சொல்லிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். ஒரு மணி நேரம் பார்த்தாள். வியர்வை முதுகில் ஓடியது, நாற்காலியின் பிளாஸ்டிக்கில் சேலை ஒட்டியது, குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஐந்து மாதத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் எதையும் எழுதியதில்லை. இடையில் இரண்டு தடவை அனுவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் பதில் வரவில்லை, தூங்குகிற பிள்ளை பதில் சொல்லாதுதான்.

பன்னிரண்டரைக்கு ஷாஜித் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காதீங்க. பெட்டிய டீக்கடைக்குக் கொண்டுவந்து பின்ரூம்ல வச்சுப் பாத்தேன். அஞ்சு பேர் இருந்தோம். அஞ்சு மேடு. நாலு வரல."

ஜாய்ஸ் படுக்கை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரின்னு திரும்ப மோட்டார் ரூமுக்கே போனேன். அங்கயும் இப்ப இல்ல. எந்திரிச்சுப் போன மாதிரி. புரோகிராம் கோளாறுன்னா எல்லா இடத்துலயும்லாக்கா வரணும்?"

"ஆமா."

"உங்களுக்கு இன்னும் வருதா?"

அவள் திரையைப் பார்த்தாள். நான்கு இப்போது அனுவின் இருபத்தாறைவிட உயரமாக இருந்தது.

"நான் அப்புறம் பேசுதேன் தம்பி."

ஜோஷ்வாவுக்குப் போட்டாள். கடைக்குச் சரக்கு எடுக்க ராஜபாளையம் போயிருந்தான். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டாள். நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று தனக்குத்தானே ஒத்துக்கொண்டதும் கை கால் சுறுசுறுப்பானது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். கோயில் பக்கம் போனால் கூட்டம் இருக்கும், வெயிலும் வெளிச்சமும் இருக்கும். ஜோஷ்வா வந்த பிறகு திரும்பி வரலாம். திங்கட்கிழமை எக்கேடு கெட்டுப் போகட்டும்.

படுக்கை அறைக் கதவைத் திறந்தாள். மங்கல். தைல வாசனை. அதோடு வேறு ஒரு வாசனை, வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்த மாதிரி ஈரமாக. கட்டிலுக்கு அடியில் இந்தத் தடவை அவள் பார்க்கவில்லை. பீரோப் பக்கமும் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் பார்த்தாள். குனிந்து, போர்வைக்குள் கையை விட்டு, அள்ளி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, கர்த்தரே ஸ்தோத்திரம் என்று வாய் தானாக முணுமுணுத்தது. இரண்டே எட்டில் வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். எதுவாக இருந்தாலும் உள்ளேயே கிடக்கட்டும்.

பிள்ளை கனத்தது. தூக்கத்தில் எல்லாப் பிள்ளையும் கனக்கும். அதை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினாள். தேடும்போது கண் திரைக்குப் போனது.

இடது பக்கம், ஹால். இரண்டு மேடு.

இருபத்தைந்து. அது அவள், பயத்தில் மூச்சு ஏறியிருந்தது.

பக்கத்தில் நான்கு.

அவள் செருப்பைத் தேடுவதை நிறுத்தினாள். பெட்டி மேசை மேல், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான்கு திரையின் உச்சிவரை எழுந்தது.

வலது பக்கம், படுக்கை அறை. ஒரே ஒரு மேடு.

இருபத்தாறு.

குழாய் சொட்டியது. அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தெட்டு. முப்பத்திரண்டு. முப்பத்தெட்டு. பயந்த பிள்ளையின் மூச்சு இப்படித்தான் ஓடும். பூட்டிய அறைக்குள் தனியாக எழுந்த பிள்ளை. நாற்பத்திரண்டு.

மடியில் இருந்தது கண்ணைத் திறந்தது. அனுவின் கண்தான். அனுவின் இமைதான். மார்பு அசையவில்லை. இரண்டு கையும் மெதுவாக எழுந்து அவள் கழுத்தைச் சுற்றின.

"கதவத் திறக்காதம்மா."

குரலும் அனுவுடையதுதான்.

ஜாய்ஸ் கத்தவில்லை. கத்தினால் உள்ளே இருக்கிற பிள்ளை பயந்துவிடும் என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது. கழுத்தில் இருந்த கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிரிந்தன. முரண்டு பிடிக்கவில்லை. அதைத் தரையில் இறக்கிவிட்டாள். அது நின்றது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவுவரை நடந்தாள். நாலு எட்டுத் தூரம். தாழ்ப்பாளை நீக்கினாள்.

"அனு. அம்மா வந்துட்டேன்."

கட்டில். போர்வை. தலையணை. யாரும் இல்லை.

"எங்கன இருக்க மக்கா?"

கட்டிலில் ஏறி மண்டியிட்டாள். இரண்டு கையாலும் துழாவினாள். மெத்தை. சுவர். போர்வை மடிப்பு. வெறும் துணி. குனிந்தாள், இன்னும் குனிந்தாள், தலையணையில் கன்னம் படுகிறவரை. அங்கே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, அவள் கன்னத்தில் மூச்சு பட்டது.

சின்ன மூச்சு. சூடாக. விட்டு விட்டு, விம்மி விம்மி.

"இந்தா. அம்மா இருக்கேன். இங்கனதான் இருக்கேன்."

மூச்சு ஒரு கணம் நின்றது. அவளை அடையாளம் கண்டுகொண்டது. இன்னும் வேகமாக, இன்னும் நெருக்கமாக, கன்னத்தோடு ஒட்டி அடித்தது. அவள் அந்த வெற்றிடத்தை இரண்டு கையாலும் அணைத்தாள். கைக்குள் எதுவும் இல்லை. அணைத்துக்கொண்டே படுத்தாள்.

கதவு லேசாக முனகியது.

கன்னத்தில் மூச்சு மெலிந்தது. ஒன்று. இடைவெளி. ஒன்று. அதைவிட நீண்ட இடைவெளி. அவள் முகத்தை அசைக்கவில்லை. அசைத்தால் அடுத்தது தவறிவிடும். காத்திருந்தாள். வந்தது, மிக மெலிதாக. காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

பின்னால் கட்டில் தாழ்ந்தது. குளிர்ந்த சின்ன உடம்பு ஒன்று மெத்தையில் ஏறி, அவள் முதுகோடு ஒட்டிப் படுத்து, ஒரு காலைத் தூக்கி அவள் இடுப்பில் போட்டது. அனு எப்போதும் அப்படித்தான் படுப்பாள். அந்த உடம்பு மெல்ல மெல்லச் சூடானது. பிறகு அவள் பிடரியில் மூச்சு விட ஆரம்பித்தது. சின்ன மூச்சு, காய்ச்சல் வந்த பிள்ளையின் மூச்சு, நிமிடத்துக்கு இருபத்தாறு.